வராத கடைசிப் பெட்டி

“துணிண்ணே அது! கழுத்துக்கிட்ட தையல் ஓடுனது எனக்கு நல்லாத் தெரிஞ்சது.”

“ஒனக்குத் தையல் தெரிஞ்சுச்சு, எனக்குப் பல்லு தெரிஞ்சுச்சு. ஏலே, நீ படம் பாக்கப் போனியா, சட்டை தைக்கப் போனியா?”

“பல்லாம் பல்லு! சோழிய ஒட்டி வச்சிருக்கான் வெள்ளைக்காரன். ஒரே சுரங்கத்தத் திருப்பித் திருப்பிக் காட்டுறான். அதே தூணு, அதே ஒடஞ்ச தள்ளுவண்டி. நாலு தடவ எண்ணுனேன். இதுக்குப் போயி பயந்தீகளே!”

“அப்ப அந்த வெளக்கு? அது வர்றதுக்கு முந்தி வெளக்கு தானா அமந்துச்சே, அதுவும் தையலா?”

நான் என் கிணற்றுமேட்டில் ஏறும்போது காதில் விழுந்த சண்டை இது, சினிமாவில் பார்த்த பிசாசைப் பற்றி. தையல் தெரிந்தது என்றவன் இருளாண்டி, என் மனைவி பூமயிலின் தம்பி. பல் தெரிந்தது என்றவர் வீரபத்திரன், என் கிணற்றில் தூர் எடுக்க வந்த நான்கு பேருக்கும் மூத்தவர்.

முந்தின நாள் கடலாடி டூரிங் கொட்டகையில் எல்லோரும் முதல் ஆட்டம் பார்த்திருந்தோம். இங்கிலாந்துப் பேய்ப்படம். நோட்டீசில் ‘சுரங்கத்துப் பிசாசு’ என்று போட்டிருந்தார்கள். இங்கிலீஷ் பெயர் எனக்கு வாசிக்கத் தெரியாது. லண்டன் பக்கம் பூமிக்கு அடியில் ஐந்து ஆண்களும் ஒரு பெண்ணும் மண் சரிந்து மாட்டிக்கொள்கிறார்கள். விளக்கு அணையும்போதெல்லாம் பிசாசு வந்து ஒரு ஆளைக் கொண்டுபோகிறது. கடைசியில் அந்தப் பெண்ணும் இரண்டு ஆண்களும்தான் மிச்சம். விளக்கு மங்குகிறது. அந்த இடத்தில் கொட்டகையில் லைட்டைப் போட்டுவிட்டார்கள். மைக்கில் தமிழில் கதை சொல்லிவந்த சுஐபு என்பவர், “அம்புட்டுத்தான், பத்திரமாப் போயிட்டு வாங்க” என்றார். வீடு வரும்வரை வழியெல்லாம் இந்தப் பேச்சுதான். அந்த மூன்று பேரும் வெளியே வந்தார்களா, வரவில்லையா? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் வேண்டும், அதுதான் என் கவலை.

இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட்டது. பன்னிரண்டு வருடமாகப் பனம்பலகை போட்டு மூடிக்கிடந்த பழைய கிணறு அது. வேறு வழியில்லாமல்தான் திறந்தேன். ஆள் இறங்குவதற்கு முன்னால் கூடையில் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அடிவரை எரிந்தால் இறங்கலாம். அன்று காலையில் விளக்கு முப்பதடி போனதும் அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினார்கள். அதே முப்பதடி. மறுபடி அணைந்தது.

அதில்தான் சண்டை தொடங்கியிருக்கிறது.

“நாங்க எறங்க மாட்டோம். அங்கன ஏதோ இருக்கு” என்றார் வீரபத்திரன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “திரையில பாத்தத எங் கெணத்துல தேடுறீகளா? அது பொய்யி. திரி நனஞ்சு போயிருக்கு, வேற ஒண்ணுமில்ல” என்றேன்.

“அப்ப தையலு பாத்த ஆளு எறங்கட்டும். சோழிய எண்ணிட்டு வரட்டும்” என்றார் வீரபத்திரன். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள்.

இருளாண்டி என்னைப் பார்த்தான். அவனுக்குத் தூர் எடுக்கிற வேலையே தெரியாது. எனக்கு ஏர் பிடிக்க ஒத்தாசைக்கு வந்தவன். “எறங்கவா மச்சான்?” என்று கேட்டான்.

“எறங்கு மாப்ளே” என்றேன்.

இதை நான் மறைக்கவில்லை. இறங்கச் சொன்னது நான்தான். விளக்கை எதற்கு இறக்குகிறோம்? அடியில் கெட்ட காற்று தங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான். அது எனக்கும் தெரியும். இருபது வருடமாக விளக்கு இறக்கிய வீரபத்திரனுக்கும் தெரியும். அன்றைக்கு ஒருவர் வாயிலும் அது வரவில்லை. அவர் பிசாசு உண்டு என்றார், நான் இல்லை என்றேன். படத்தைப் பற்றிய வழக்கில் கிணற்றை மறந்துபோனோம்.

இடுப்பில் வடத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினான். பாதிவரை எங்களைக் கேலி செய்துகொண்டே போனான். “வீரபத்திரண்ணே, ஒங்க பல்லுக்காரரு தூங்குறாரு!” என்றான். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. வடம் கனத்தது. “ஏலே இருளாண்டி” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

முதலில் வடத்தைப் பிடித்தது வீரபத்திரன்தான். அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. வெளியில் போட்டு விசிறினோம், முகத்தில் தண்ணீர் அடித்தோம். கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வந்தது. கண் திறந்தான். என்னைப் பார்த்து அவன் பேசிய முதல் பேச்சு இதுதான்:

“அவுக வெளிய வந்துட்டாகளா மச்சான்?”

இன்றைக்கு இருபத்தாறு நாள் ஆகிறது. ராமநாதபுரம் கூட்டிப்போனேன். டாக்டர் உடம்பில் குறை இல்லை என்றார். ஆனால் அவன் வீட்டுக்குள் வருவதில்லை. உச்சி வெயிலிலும் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். கதவைச் சாத்தினால் கத்துகிறான். பூமயில் விளக்கு ஏற்றினால், காற்று படாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்க்கிறான். கேட்பது ஒன்றே ஒன்று. அந்த மூன்று பேரும் வெளியே வந்தார்களா?

வந்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

“எப்பிடி வந்தாக?”

“கயிறு போட்டுத் தூக்குனாக.”

“அக்கா ஏணி வச்சு ஏறுனாகங்குது. நீங்க கயிறுங்கிறீக. ரெண்டு பேருக்கும் தெரியல. எனக்காகச் சொல்றீக.”

அன்றிலிருந்து சோறு தின்பதை விட்டுவிட்டான். கஞ்சித் தண்ணீர் மட்டும் உள்ளே போகிறது. “வந்துட்டாகன்னு பாத்த ஆளு சொல்லட்டும், திங்கிறேன்” என்கிறான். பூமயில் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. “ஒரே தம்பி” என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

கொட்டகை மண்டபம் ஊருக்கு மாறிவிட்டது என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். சுஐபு கொட்டகை வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

“அண்ணே, அல்லா மேல ஆணையாச் சொல்றேன், முடிவு எனக்கும் தெரியாது. பிலிம் சுருள் பெட்டியில கடைசிப் பெட்டி வரவே இல்ல. எந்த ஊர்லயோ ரயில்ல ஏத்தாம விட்டுட்டாங்க. இருக்குற பெட்டியத்தான் ஊர் ஊரா ஓட்டுறோம். கதையே பாதி நானாச் சொல்றதுதான்.”

“பிசாசு வெளக்க அமத்துதுன்னு சொன்னது?”

“அதுவும் நாந்தாண்ணே. வெளக்கு எதுக்கு அமருதுன்னு அவங்க இங்கிலீசுல என்னமோ பேசுனாங்க. எனக்குப் புரியல. பிசாசுன்னா சனம் ரசிக்குமேன்னு சொல்லிட்டேன்.”

எனக்கு அவரை அடிக்கக்கூடத் தோன்றவில்லை. நானும்தானே திரி நனைந்தது என்று சொன்னேன்.

டீக்கடையில் படம் பார்த்தவர்களை விசாரித்தேன். வலை காயப்போட்டுவிட்டு வந்த ஒருவர், மூன்று பேரும் அவுட்டு என்றார். இன்னொருவர், கதாநாயகனைக் கொன்றால் படம் எப்படி ஓடும், கட்டாயம் வந்திருப்பான் என்றார். மீன் வாங்க வந்திருந்த குல்சும் என்கிற அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்தப் பொம்பள வந்திருப்பா. வீட்ல புள்ளய விட்டுட்டு வந்தவ மாதிரிதான் மேலேயே பாத்துக்கிட்டு இருந்தா” என்றார். ஊர் திரும்பி அதை இருளாண்டியிடம் சொன்னேன். “அந்தம்மா கடசிவர பாத்தாகளா?” என்று கேட்டான். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

கிணற்றை மறுபடி பலகை போட்டு மூடிவிட்டேன். மிளகாய்ச் செடி காய்ந்தது காய்ந்ததுதான். வீரபத்திரன் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து, இருளாண்டி பக்கத்தில் உட்கார்ந்து, “தையலுதாண்டா தம்பி, நானும் பாத்தேன்” என்று சொல்லிப் பார்க்கிறார். அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆகையால் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களைக் கேட்கிறேன். மதுரையிலோ திருச்சியிலோ கொழும்பிலோ இந்தப் படத்தைக் கடைசிப் பெட்டிவரை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து ஒரு கார்டு போடுங்கள். ஒரே தூணும் உடைந்த தள்ளுவண்டியும் திரும்பத் திரும்ப வரும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். அந்த மூன்று பேரும் வெளியே வந்தார்களா? வந்தார்கள் என்றால் எப்படி வந்தார்கள், கயிறா, ஏணியா, யார் கை கொடுத்தது என்று விவரமாக எழுதுங்கள். அவன் விவரம் கேட்பான். வரவில்லை என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். அதை அவனிடம் சொல்லலாமா, வேண்டாமா என்பதையும் அதிலேயே எழுதுங்கள், எனக்குத் தெரியவில்லை. சேதுராமன், கடலாடி தபாலாபீஸ் என்று போட்டால் வந்து சேரும். சீக்கிரம் எழுதுங்கள்.