ஒரே எண்ணில் இரண்டு இன்ஜின்கள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. நீளமான பொய் ஒன்றுமில்லை, ஒரே ஒரு சொல்தான். அதைச் சொன்னவனுக்குச் செல்வகுமார் என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர் அவனுடையது, வாய் என்னுடையது. 'நான்' என்று எழுத மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் இரண்டாவது பத்திக்குள் என்னை நல்லவனாக்கிவிட்டேன். 'அவன்' என்று எழுதினால்தான் கொஞ்சமாவது கைநீட்டி அடிக்க முடிகிறது.

2.

தொடக்கம் ஒன்று: "திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே செல்போன் கடை வைத்திருந்த செல்வகுமாரின் விரல்களில் ஒரு மந்திரம்..."

(நிறுத்து. மந்திரமாம்.)

தொடக்கம் இரண்டு: "அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. செல்வகுமார் மிகவும் களைத்திருந்தான்..."

(சாக்கு. வெயிலை எதற்குச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்?)

மூன்றாவது, பச்சையாக: செல்வகுமார் செல்போன் பழுதுபார்ப்பவன். பொம்மை ரயில் வைத்து ஓட்டும் பெரியவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவனுக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. பழைய மாதிரி இன்ஜின்களை டிஜிட்டலுக்கு மாற்றித் தருவான்.

பழைய முறையில் கண்ட்ரோலர் பெட்டியின் குமிழைத் திருப்பினால் தண்டவாளத்தில் மின்சாரம் ஏறும். அதன்மேல் எத்தனை இன்ஜின் நின்றாலும் எல்லாம் சேர்ந்து கிளம்பும். டிஜிட்டலில் ஒவ்வொரு இன்ஜின் வயிற்றுக்குள்ளும் டிகோடர் என்று ஒரு சில்லு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். போனில் ஏழைத் தொட்டால் ஏழு மட்டும் ஓடும், மூன்று தன் இடத்திலேயே நிற்கும்.

3.

ஷேக் தாவூத் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். தோஹா துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு, இப்போது விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் குடியிருக்கிறார். தோஹாவின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய இரண்டு பழைய இன்ஜின்கள், கறுப்பு ஒன்று, பச்சை ஒன்று. மாடி அறையில் பலகை அடித்துத் தண்டவாளம் போட்டிருந்தார். அவர் மனைவி அசன் பீவி. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சேர்ந்திருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான். இப்போது தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் இரண்டு பேரும் மாடியேறி ரயில் ஓட்டுகிறார்கள்.

(இந்த இடத்தை அலங்கரிக்கக் கை துறுதுறுக்கிறது. அவர்களை எவ்வளவு அழகாகக் காட்டுகிறேனோ அவ்வளவுக்கு நான் நொந்தவனாகத் தெரிவேன். வேண்டாம்.)

டிஜிட்டல் வேண்டும் என்று கேட்டவர் அசன் பீவி.

"தம்பி, பச்சை வண்டி என்னுதுன்னுதான் பேரு. இவரு குமிழைத் திருப்புனா அதுவும் இவரு பின்னாடியே ஓடுது. நான் ஒரு டேசன்ல நிறுத்தி நாலு ஆளை ஏத்திக்கினு போவலாம்னா முடியல. என் வண்டி என் பேச்சைக் கேக்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணு."

பாய் சிரித்தார். "கேட்டுக்கினியா தம்பி? வீடு ஏற்கனவே அவங்க கையில. இப்ப ரயில்வேயும் வேணுமாம்."

4.

தொழிலில் ஒரு முதல் பாடம் உண்டு. பழைய இன்ஜின்களில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் அது குறை கிடையாது, சட்டத்தின் வழியாகத்தான் மின்சாரமே வரும். டிகோடர் வைப்பதற்கு முன் அந்தத் தொடுப்பைப் பிரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் சில்லு எரிந்துவிடும். பச்சை இன்ஜினில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது ஒரு சின்ன ஸ்பிரிங். அதற்கு ஸ்லீவ் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மாட்ட வேண்டும்.

கடைசி ஸ்லீவைக் கறுப்புக்குப் போட்டாயிற்று. செல்வகுமார் பச்சையின் ஸ்பிரிங்கில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினான். மீட்டர் வைத்துப் பார்த்தான், சத்தம் வரவில்லை, தொடுப்பு இல்லை என்று அர்த்தம். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தான், ஓடியது. மோட்டார் சூடேறினால் டேப்பின் பசை இளகும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். குழுவில் மற்றவர்களுக்கு இதை எழுதி எச்சரித்தவனே அவன்தான், மூன்று ஆச்சரியக்குறி போட்டு.

(முந்தைய பிரதியில் 'ஸ்லீவ் கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தேன். பாண்டிச்சேரியிலிருந்து இரண்டு நாளில் வந்திருக்கும். அன்று சாயங்காலமே கொண்டுவருவதாகப் பாயிடம் பெருமையடித்திருந்தான். குழுவில் வீடியோ போடுவதாகவும் சொல்லியிருந்தான். அதனால் காத்திருக்கவில்லை.)

5.

கறுப்புக்கு மூன்று, பச்சைக்கு ஏழு. அசன் பீவி போனில் ஏழைத் தொட்டார். பாயின் வண்டி நின்றுகொண்டிருக்க, பச்சை மட்டும் நகர்ந்தது.

"யா அல்லா! என்னுது மட்டும் ஓடுது பாருங்க!"

கத்திய வேகத்தில் முக்காடு நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை. டேசனில் நிறுத்தினார், கிளப்பினார், மறுபடி நிறுத்தினார். பாயின் வண்டிக்கு முன்னால் போய் வேண்டுமென்றே வழிமறித்தார். "ஏம்மா, ஜல்தி வழி வுடு!" என்று பாய் கெஞ்ச, "சிக்னல் இல்ல, நில்லுங்க" என்றார். கால் மணி நேரம் இப்படிப் போனது. பிறகு கீழே போய் வேகவைத்த மல்லாட்டைக் கடலையைத் தட்டில் கொண்டுவந்தார். வைக்க இடமில்லாமல், மேசை மேலிருந்த பழைய கண்ட்ரோலர் பெட்டியை ஒரு கையால் தள்ளினார். அதன் இரண்டு ஒயர்களும் இன்னும் கழற்றி வைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

பச்சை இன்ஜினிலிருந்து கருகல் வாடை வந்தது. பின்னாலேயே புகை. பாய் பாய்ந்து சுவிட்சை அணைத்தார்.

"என்னாச்சு தம்பி?"

செல்வகுமாருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. டேப். ஆனால் அவன் கண் பழைய பெட்டியின் மேல் போனது. "இந்த ஒயரு தண்டவாளத்துல படவே கூடாதே..."

அசன் பீவி தன் கையைப் பார்த்தார். "நான்தான் தள்ளி வச்சேன். ஒயரு பட்டிருக்குமோ?"

"பட்டிருக்கும்மா," என்றான் செல்வகுமார்.

அந்தச் சொல்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. டேப் சுற்றியதற்குக்கூட இவ்வளவு வெட்கமில்லை, வேலையென்றால் கை தவறும். அந்த அம்மாள் பயந்துபோய்க் கேட்டதைக் கேட்டுக்கொண்டே, அந்தப் பயத்தை எனக்கு வசதியாக்கிக்கொண்டேனே, அதற்கு.

பாய் திட்டவில்லை. "வுடு, பொருள்தானே" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வீட்டம்மா கை வச்சாங்க, இன்ஜினே பொகைஞ்சு போச்சு!" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு அது விளையாட்டு. என்னிடமும் போனில் சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

6.

முடிவுகளைப் பார்ப்போம்.

அ: செல்வகுமார் பச்சைக்குப் புது டிகோடர் வைத்து, வாயைத் திறக்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறான். எல்லோருக்கும் மகிழ்ச்சி. (இதைத்தான் செய்வதாக இருந்தேன். புதுசும் வைத்தாயிற்று, இந்தத் தடவை ஸ்லீவ் போட்டு. அருமையாக ஓடுகிறது.)

ஆ: அசன் பீவிக்கு எல்லாம் முதலிலேயே தெரியும், பெரிய மனதோடு மன்னித்துவிட்டார். (எழுதுகிறவர்கள் செய்யும் திருட்டு இது. அடிபட்டவரை மகானாக்கிவிட்டால் அடித்தவன் மன்னிப்புக் கேட்கும் வேலை மிச்சம்.)

இ: "வாசகரே, நீங்கள் சொல்லுங்கள், செல்வகுமார் என்ன செய்ய வேண்டும்?" ஒரு வாரமாக இதுதான் முடிவாக இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தும் இருந்தது. சத்தமாகப் படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் கையில் புகைந்ததை அன்று ஒருவர் கைக்குத் தள்ளினேன். இப்போது உங்கள் கைக்குத் தள்ளப் பார்க்கிறேன். அதையும் அடித்து நீக்கிவிட்டேன்.

7.

முந்தாநாள் காலையில் அசன் பீவி போன் செய்தார்.

"தம்பி, வண்டி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா."

"ஒரு ஒத்தாசை பண்ணு. ரெண்டு வண்டிக்கும் ஒரே நம்பரா போட்டுடு. அவரே ஓட்டட்டும். என்னுது பழையபடி பின்னாடியே போவட்டும்."

"ஏம்மா?"

"எனக்கு இதெல்லாம் ஒத்துவராதுப்பா. நான் தொட்டா எதனா பேஜாரு ஆயிடுது."

செய்யலாம். இரண்டு சில்லுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் இரண்டும் ஒரே கட்டளைக்கு ஓடும். அரை நிமிட வேலை.

செல்வகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டு... இல்லை, இந்த இடத்தில் அவனை விட்டுவிடுகிறேன். நான்தான் சொன்னேன்.

"அம்மா, அன்னிக்கு உங்களால ஒண்ணும் ஆவல. நான்தான் சரியா வேலை பண்ணல. டேப்பு இளகிப் போச்சு. தெரிஞ்சேதான் உங்க மேல போட்டேன்."

அவர் தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போவது போனில் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இதை அவருகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

"நீங்களே ஒரு வார்த்தை..."

"நான் சொன்னா, பழியை அந்தத் தம்பி மேல தள்றியான்னுவாரு. என் நாத்தனாரு வீடு வரைக்கும் சொல்லிச் சிரிச்சாச்சு தம்பி. நீ வா. வந்து அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

போனை வைத்துவிட்டார்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்று போனாலும் ஒரு மணி நேரம். இந்தக் கதையை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆகியிருக்கிறது. எட்டாம் பகுதியைப் பாயிடம் நேரில் சொல்லிவிட்டு வந்த பிறகே எழுதுவது என்று வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் எண்ணை மட்டும் போட்டு வைக்கிறேன். நீங்கள் படிக்கும்போதும் அதற்குக் கீழே ஒன்றும் இல்லையென்றால், நான் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். கதையை அச்சுக்கு அனுப்ப மட்டும் எனக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

8.