நாற்பது நிமிஷத் தெரு

அக்காவுக்கு இருபது வருஷமாக இதே பிழைப்பு. கல்லூரியில் பேராசிரியை. அரசாங்கம் கொடுப்பது எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேருகிறதா என்று துருவித் துருவிப் பார்ப்பாள். ஆஸ்பத்திரி மாத்திரை, பஸ் எல்லாம் முடிந்து இப்போது குழாய்த் தண்ணீர். அறுபது தெருவில் மாணவர்களை நிறுத்தி, தினமும் எத்தனை நிமிஷம் வருகிறது என்று ஒரு மாதம் குறித்தாயிற்று. எல்லாத் தெருவிலும் முப்பது. கடைசித் தெருவில் மட்டும் இருபது. இன்னொரு தெருவில் நாற்பது.

அட கடவுளே, அந்த நாற்பது அவள் குடியிருக்கிற தெரு! ஊரையே அளந்த மகராசிக்குத் தன் வீட்டுக் குழாய் கண்ணில் படவில்லை பாருங்கள்.

வால்வைத் திறந்து மூடுகிறவன் வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தம்பி.

"ஏன்டா, எங்க தெருவுக்கு மட்டும் பத்து நிமிஷம் கூட?"

"நீ எழுத உக்காந்தா தண்ணி பிடிக்க மறந்துடுவ. அப்புறம் நாள் பூரா என்ன பண்ணுவ?"

 திட்ட வந்தவள் நோட்டை மூடிக்கொண்டு திரும்பினாள்.

அறிக்கையில் உள்ளதை எழுதினால் தம்பி வேலைக்கு ஆபத்து. அந்தத் தெருவைக் கமுக்கமாக விட்டுவிட்டால் இத்தனை வருஷம் ஊரைக் கேள்வி கேட்டதெல்லாம் வெறும் பேச்சு. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"எழுதுக்கா," என்றான் தம்பியே. "உனக்குக் கூட்டின பத்து நிமிஷம் கடைசித் தெருவுல குறைச்சதுதான். அவங்க மூஞ்சில என்னால முழிக்க முடியல."

எழுதினாள். அந்தப் பத்து நிமிஷத்தை அனுபவித்தவள் நான்தான் என்றும் சேர்த்து எழுதினாள். தம்பிக்குக் காரசாரமாக ஒரு மெமோ வந்தது. நல்லவேளை, வேலை பிழைத்தது.

மறுவாரம் ஒரு காலையில், எழுதிக்கொண்டே இருந்துவிட்டுத் தாமதமாகக் குளிக்கப் போய், தலை நிறைய சோப்போடு அவள் நிற்கும்போது குழாய் நின்றது. சரியாக முப்பது நிமிஷம்.

"படுபாவி!" என்று கத்திக்கொண்டே, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தால், வாசலில் இரண்டு வாளியோடு தம்பி.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"கத்தாத. மூணு தடவை போன் அடிச்சேன், நீ எடுக்கல. நீ எழுதிட்டிருக்கன்னு புரிஞ்சு போச்சு. இது என் வீட்டுக் குழாயில பிடிச்சது, என் பங்கு. இதுக்கும் அறிக்கை எழுதுவியா?"

கண்ணில் சோப்பு போய்விட்டது என்று சொல்லிவிட்டு அவள் வாளியை வாங்கிக்கொண்டாள்.