அடிக்கு ஓர் அங்குலம்

ஜக்கையனின் இரண்டு கண்ணும் அளவுகோல். போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் காயைச் சலித்து ரகம் பிரிப்பது அவனுடைய வேலை. சல்லடையைத் தொடாமலே, ஒரு கைப்பிடிக் காயைப் பார்த்து இது நிற்கும், இது விழும் என்று சொல்லிவிடுவான். சந்தேகப்பட்டுச் சலித்துப் பார்த்தவர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். இவ்வளவு கூர்மையான கண்ணைக் கொடுத்த கடவுள், வாயை மட்டும் ஏன் தைத்து அனுப்பினாரோ தெரியவில்லை. கேட்ட கேள்விக்கே பாதிதான் பதில் வரும் அவனிடமிருந்து.

அந்த ஆளுக்கு மோட்டார்ப் பைத்தியம். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் மேட்டிலிருந்து எஸ்டேட்காரர்களின் கார் இறங்கும் சத்தத்தைக் கேட்டே ஆஸ்டினா மோரிஸா என்று சொல்வான். கார் வந்து நின்றால், வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சுற்றிச்சுற்றி வருவான். டிரைவர் தயவு வைத்தால் நூலும் அடிக்கோலும் கொண்டு அளப்பான். பிறகு வீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் டின்னை வெட்டி, குடைக்கம்பியை வளைத்து, தேய்ந்த செருப்பின் ரப்பரில் சக்கரம் அறுத்து, அதே காரை அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் செய்து முடிப்பான். கதவு திறக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும்.

"எம்புருசனுக்கு மூணு காரு, ஒரு லாரி. சந்தைக்கு மட்டும் நான் நடந்து போறேன்" என்பாள் அவன் மனைவி ஒச்சம்மாள்.

அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. இருக்கிறதை இருக்கிறபடி செய்ய வேண்டும். ஓர் எஸ்டேட் முதலாளியின் காரைச் செய்தபோது, மட்கார்டில் இருந்த நசுங்கலையும் சேர்த்துச் செய்துவிட்டான். பார்க்க ஆசையாக வந்த முதலாளி அந்த நசுங்கலைப் பார்த்ததும் முகம் சுளித்துப் போய்விட்டார். ஜக்கையனுக்கு அது ஏன் என்று கடைசிவரை விளங்கவில்லை. இருந்ததைத்தானே செய்தோம் என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஐம்பத்துநாலாம் வருடம் ஆடி மாதம், அவன் காசிமாயனின் ஜீப்பைக் கையில் எடுத்தான். காசிமாயன் அவனுடைய சித்தப்பா மகள் வேலுத்தாயின் புருசன். பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் கழித்துவிட்ட ஒரு பழைய ஜீப்பை முதலாளி ஒருவரிடம் ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறுவான். சாயங்காலம் ஏலக்காய் மூட்டையோடு இறங்குவான். மலைப்பாதையில் அவன் வண்டி திரும்புகிற அழகைப் பார்க்கவே ஜக்கையன் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போனதுண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜீப்புக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து அளந்துகொண்டிருந்தான் ஜக்கையன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்களை இழுத்துத் திருப்புகிற நீளமான ராடு ஒன்று உண்டு. அதன் நுனியில் ஒரு நட்டு. ஓடுகிற அதிர்ச்சியில் அந்த நட்டு கழன்றுவிடாமல் இருக்க, அதன் குறுக்கே ஒரு பின் செருகியிருப்பார்கள். அந்த இடத்தில் பின்னைக் காணோம். வேறு ஏதோ கறுப்பாக இருந்தது.

"என்ன மாப்ளே இது, கொண்டை ஊசி மாதிரி இருக்கு?"

"மாதிரி என்ன மச்சான், கொண்டை ஊசியேதான். உங்க தங்கச்சி தலையில இருந்தது." சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த காசிமாயன் சிரித்தான். "பின்னு ஒடிஞ்சு போச்சு. வாங்கணும்னா மதுரைக்குப் போகணும். இது நல்லா உழைக்குது. கொண்டை ஊசி வளைவுல ஓடுற வண்டிக்குக் கொண்டை ஊசிதான தோது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜக்கையன் ஊசியை அளந்தான். நீளம் இரண்டேகால் அங்குலம். ஒரு கால் நட்டில் உராய்ந்து உராய்ந்து பாதியாகத் தேய்ந்திருந்தது. அதையும் பார்த்தான். பக்கத்தில் கிடந்த நோட்டை எடுத்து, 'இடது கால் பாதிக் கனம்' என்று எழுதிக்கொண்டான். எழுதியதோடு சரி. உலகத்தில் வேறு எந்த ஜீப்பிலும் இல்லாத ஒன்று இந்த ஜீப்பில் இருக்கிறது என்ற சந்தோஷத்தில், அடுத்து என்ன என்று அவன் புத்தி போகவே இல்லை.

ஆவணி முழுக்க வேலை நடந்தது. கொண்டை ஊசிக்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று. சைக்கிள் பிரேக் கம்பியில் ஓர் இழையைப் பிரித்து வளைத்து, அதன் இடது காலை உப்புத்தாளில் தேய்த்தான். முதலாவது ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. மூன்றாவது நினைத்த கனத்துக்கு வந்து நின்றது.

"யாரு இதைக் குப்புறப் போட்டுப் பாக்கப் போறாகன்னு இம்புட்டுப் பாடு?" என்றாள் ஒச்சம்மாள்.

முதல் ஆளாகக் காசிமாயனே பார்த்தான். தன் ஜீப்பை இரண்டு கையிலும் ஏந்தித் திருப்பி, ஊசியைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். "உன் ஊசியைக்கூட விட்டுவைக்கலை உங்கண்ணன்னு அவகிட்டச் சொல்றேன் மச்சான். பெயின்டு காயட்டும், தீபாவளிக்கு வீட்டுக்குக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போதாவது ஜக்கையன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாராட்டுகிறானா என்று மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, மழை விட்ட பிற்பகலில், இறக்கத்தில் ஒன்பதாவது வளைவில் ஜீப்பு திரும்பவில்லை. நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. ஆட்கள் எல்லாரும் மேலேயே இறங்கியிருந்தார்கள். காசிமாயன் ஒருத்தன்தான், மூட்டைகளோடு.

தூக்கிவரப் போனவர்களில் ஜக்கையனும் ஒருவன். ஜீப்பு சக்கரத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. அடிப்பாகத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, கண்ணெதிரே இருந்தது. ராடு தனியாகத் தொங்கியது. நட்டு இல்லை. நட்டு உடைந்து தெறித்திருந்தால் ராடின் திருகு மரை சிதைந்திருக்கும். மரை சுத்தமாக இருந்தது. நட்டு தானாகக் கழன்று எங்கோ மலையில் விழுந்திருக்கிறது. ஊசி செருகியிருந்த ஓட்டைக்குள் கறுப்பாக அரை அங்குலக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் உடலைத் தூக்கக் கை கொடு என்று கூப்பிட்டார்கள். போய்க் கொடுத்தான்.

அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. அந்தக் காலத்தில் நம் பக்கம் மதுவிலக்கு. மேட்டைத் தாண்டி மலையாளத்துப் பக்கம் போனால் தாராளமாகக் கிடைக்கும். "அந்தப் பக்கம் போயி ஊத்திட்டு வந்திருக்கான்" என்று ஜீப்பின் முதலாளி சொன்னார். முதலாளி சொன்னதை ஊர் சொன்னது. எழவு வீட்டிலேயே, காப்பித் தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னது. அந்த வாய்களை என்ன செய்தாலும் தகும்.

வேலுத்தாய்க்குப் புருசன் போனது ஒரு அடி. இது அதைவிடப் பெரிய அடி. கல்யாணமான புதிதில் காசிமாயன் குடித்துவிட்டு வந்திருக்கிறான். ஒருநாள் அவள் சூடத்தைக் கொளுத்திவைத்தாள். அவன் அதைக் கையால் அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். ஏழு வருடமாக அந்தச் சத்தியத்தின்மேல்தான் அவள் குடும்பம் நடத்தினாள். இப்போது ஏழு வருடமும் பொய்யா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்ததும், மூலையில் முடங்கிக் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். "அண்ணே, நீங்கதான தூக்கி வந்தீக. அவுக குடிச்சிருந்தாகளா? யாரு சொன்னாலும் நம்பமாட்டேன். நீங்க சொன்னா நம்புறேன்."

இல்லை என்று சொன்னால், பின்னே எப்படி என்று அடுத்துக் கேட்பாள். உன் ஊசிதான் என்று சொல்ல வேண்டும். அது தேய்ந்திருந்தது எனக்கு முன்னமே தெரியும் என்றும் சொல்ல வேண்டும்.

"தெரியலையே தாயி" என்றான்.

அவள் மறுபடி படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட அந்த முதுகை அவனால் மறக்க முடியவில்லை. ஸ்டோருக்குப் போனான், சல்லடையைப் பிடித்தான். முதல் ரகத்தையும் இரண்டாம் ரகத்தையும் ஒன்றாகக் கொட்டி, வாழ்க்கையில் முதல்முறையாக மேஸ்திரியிடம் திட்டு வாங்கினான்.

பதினாறாம் நாள் கருமாதி. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்தான் கொண்டுபோக வேண்டும். அதோடு, தான் செய்த ஜீப்பையும் கொண்டுபோய்க் கொடுத்து, விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். முழுவதையும் அல்ல. ராடு கழன்றுவிட்டது, மாப்பிள்ளை குடிக்கவில்லை, அவ்வளவுதான். ஊசியைப் பற்றி எதற்கு? அதற்காக, கிளம்புவதற்கு முன்னால் ஜீப்பைக் கவிழ்த்து அந்த ஊசியை உருவிவிட்டு, ஒழுங்கான ஒரு பின்னைச் செய்து செருகினான். அசலில் இல்லாத ஒன்றை அவன் தன் வண்டியில் வைத்தது அதுதான் முதல் தடவை. உருவிய ஊசியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

சடங்கு முடிந்து, பந்தலில் இருந்தவர்கள் கலைந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. வேலுத்தாய் வெள்ளைச் சேலையில், தலையை வெறுமனே முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜக்கையன் ஜீப்பை அவள் முன்னால் வைத்தான்.

"தாயி, அன்னைக்குச் சொல்லத் தைரியம் வரலை. மாப்ள குடிக்கலை. ஸ்டியரிங் ராடு கழண்டுருச்சு. நான் கண்ணால பாத்தேன். வண்டி திரும்பாம நேரா போயிருச்சு. அவுக மேல ஒரு தப்பும் இல்லை."

அவள் முகத்தில் பதினாறு நாளாக இறுகிக் கிடந்தது என்னவோ இளகியது. "குடிக்கலையா" என்றாள். "குடிக்கலை" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். கண்ணீர் வழிய ஜீப்பை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். ஜக்கையனுக்கு மூச்சு வந்தது.

அப்புறம் அவள் ஜீப்பைக் குப்புறத் திருப்பினாள்.

ஏதோ தேடுகிறவள்போல அங்கே இங்கே பார்த்தாள். "என் ஊசி எங்கண்ணே? உன் ஊசியைக்கூட விட்டுவைக்கலை உங்கண்ணன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாகளே. அதைப் பாக்கணும்னு இருந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஊசி அங்கேயே இருந்திருந்தால், புருசன் சிரித்த சிரிப்பை நினைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்துவிட்டு வைத்திருப்பாள். எடுத்ததுதான் காட்டிக்கொடுத்தது. அவள் மெல்ல நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஏன் எடுத்தீக?"

அவன் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது.

"அண்ணே, அதைக் கொடுங்க."

காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தான். உள்ளங்கையில் ஒரு எள்ளளவு கம்பி. அவள் அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஒரு காலு இளைச்சிருக்கே."

"அப்படித்தான் இருந்துச்சு."

"எப்பப் பாத்தீக?"

"ஆடியில."

அவள் வாய்க்குள் மாதங்களை எண்ணினாள். ஆடி, ஆவணி, புரட்டாசி. விரல் நின்றது. அவள் கத்தவில்லை, அடித்துக்கொள்ளவும் இல்லை. அப்படிச் செய்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"போறதுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை இன்னொரு ஊசி கேட்டாக அண்ணே. ரெண்டுதான் கிடக்கு, சந்தையில வாங்கித் தர்றேன்னு சொன்னேன். எதுக்குன்னு நான் கேக்கலை, அவுகளும் சொல்லலை." ஊசியை மறுபடி பார்த்தாள். "நீங்க அளந்துதான வச்சிருந்தீக. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

ஜக்கையன் அழுதான். பதினாறு நாளாக அழாதவன், தங்கச்சிக்கு முன்னால் உட்கார்ந்து தோள் குலுங்க அழுதான். அவள் தேற்றவில்லை. அழுது முடியும்வரை காத்திருந்து, ஊசியை அவனிடம் நீட்டினாள்.

"இருந்த இடத்துலயே வைங்க. வாசல்ல அவுக போட்டோவுக்குக் கீழ வைக்கப் போறேன். குடிச்சான்னு எவன் வந்து சொன்னாலும் திருப்பிக் காட்டுறேன். என் ஊசிதான்னு நானே சொல்லிக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ஆடியில பாத்ததை மட்டும் சொல்லமாட்டேன். பயப்படாதீக."

அவள் சொன்னபடியே செய்தாள். குடிகாரன் என்ற பேச்சு தை பிறப்பதற்குள் ஓய்ந்துவிட்டது. பெண்டாட்டியின் ஊசி புருசனைக் கொன்றது என்ற பேச்சு வந்தது. அதை அவள் தாங்கிக்கொண்டாள்.

அந்தத் தெருவழியாகத்தான் ஜக்கையன் வேலைக்குப் போக வேண்டும். வாசலில் யாராவது ஜீப்பைக் குப்புறப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் ஸ்டோர் மேஸ்திரியே நின்றார்.

"அடேய் ஜக்கையா, ஊசி தேஞ்சதைக்கூட விடலையேடா. என்னா கண்ணுடா உனக்கு."

உள்ளே வேலுத்தாய் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ஜக்கையன் பதில் சொல்லாமல் நின்றான். வாய் பேசாத ஆள் என்று தெரிந்ததுதானே. மேஸ்திரி ஜீப்பை வைத்துவிட்டு, அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.