சனிக்கிழமை வரும் நாத்தனார்

மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதே அதிசயமாக இருந்த நாத்தனார், குட்டிக்கு ஆறு மாதம் முடிந்ததிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்து நிற்கிறாள். பாசம் பொத்துக்கொண்டு வருகிறதாம். யார் காதில் பூ சுற்றுகிறாள்?

குட்டியின் அம்மா ஆயத்த ஆடை கம்பெனியில் பதினோரு வருடம் துணி சோதித்தவள். அங்கே எல்லோருக்கும் அவள் செக்கர் அக்கா. நழுவிய தையலைத் தேடும் கண் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அந்தக் கண்ணோடுதான் நாத்தனார் குட்டியைப் பார்த்தாள். நாத்தனாருக்குக் குழந்தைகள் கிளினிக்கில் பிசியோதெரபி வேலை. வந்ததும் வராததுமாகக் கை கழுவுவாள். குட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கையையும் பிடித்து மெல்ல உட்காரத் தூக்குவாள். விளையாட்டாம். ஒவ்வொரு வாரமும் அதே விளையாட்டு!

பெரியவனுக்கு ஆட்டிசம் என்று நாலு வயதில்தான் தெரிந்தது. "இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று ஒரு டாக்டர் கேட்டது இன்னும் நெஞ்சில் குத்துகிறது. இப்போது சின்னதுக்கும் முத்திரை குத்த ஆள் வந்தாயிற்று என்று செக்கர் அக்காவுக்கு வயிறு எரிந்தது. அதனால் நாத்தனார் தூக்கும்போதெல்லாம் குட்டியின் தலைக்குப் பின்னால் உள்ளங்கையைக் கொடுத்துவிடுவாள்.

"பாத்து, கழுத்து சுளுக்கிக்கப் போகுது."

இந்தச் சனிக்கிழமை பால் சூடு பண்ணிக்கொண்டு வந்தபோது, நாத்தனாரின் செல்போன் தலையணையில் சாய்ந்து நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

"என் புள்ளைய யார்கிட்ட காட்டப் போற?"

"உங்ககிட்டதான் அண்ணி. நீங்க எப்பவும் கைய வச்சிடறீங்க. ஒரு தடவை நீங்களே பாருங்க."

வீடியோவில் குட்டியின் உடம்பு எழுந்தது. தலை மட்டும் பின்னாலேயே தொங்கி, உடம்பு நிமிர்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

"இந்த வயசுல தலையும் கூடவே வரணும். இவ அண்ணனுக்கு ஆட்டிசம் இருக்கறதால இவளையும் சீக்கிரமே காட்டிடலாம்னு நெனச்சேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாமத்தான் வாரா வாரம் வந்து வந்து போனேன்."

செக்கர் அக்காவுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அந்தத் தலையின் கனத்தை ஐந்து வாரமாகத் தாங்கியது அவள் கைதானே!

"எப்ப கூட்டிட்டு வரணும்?"

"திங்கக்கிழமை. ஆனா இத மட்டும் வச்சு யாராலயும் ஆட்டிசம்னு சொல்லிட முடியாது அண்ணி. கழுத்துல பலம் கம்மியாக்கூட இருக்கலாம். பயிற்சி குடுத்தா சரியாயிடும்."

இந்த வார்த்தைக்குத்தான் இத்தனை நாள் ஏங்கினாள். கேட்டதும் நம்ப முடியவில்லை.

"நெஜமாவா? இல்ல, என் மனசுக்காகச் சொல்றியா?"

நாத்தனார் குனிந்து குட்டியின் காலுறையைச் சரிசெய்தாள். காலுறை கழன்றிருக்கவே இல்லை.