‘ஹே’ வரிசையில் ஒரு பேர்

அமராவதி பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

“ஹேமலதா. எங்க ஹெட்மாஸ்டரம்மா பேரு. வேணாம்.” ஒரு கோடு. “ஹேமாவதி. பஸ் பேரு மாரி இருக்கு.” இன்னொரு கோடு.

கூடம் சிரித்தது. சிதம்பரத்திலிருந்து வேன் பிடித்து வந்த கூட்டம். திருப்பாதிரிப்புலியூரில் இசைவாணியின் அம்மா வீட்டில் பேர் வைக்கும் விசேஷம். குழந்தைக்கு இன்று முப்பதாம் நாள். பூச நட்சத்திரம் என்பதால் ‘ஹே’யில் வைக்கச் சொல்லியிருந்தார் ஜோசியர். பிரவுசிங் சென்டரில் எடுத்த நான்கு தாள்கள் அமராவதியின் மடியில் கிடந்தன. பேர் வைக்கும் உரிமை அத்தைக்காரிக்கு. அமராவதிக்கு அந்த உரிமையும் உண்டு, ஸ்டைலும் தெரியும் என்று அவள் தம்பி அன்பரசே சொல்வான்.

“ஹேமித்ரா நல்லாருக்குல்ல அண்ணி?” என்றாள் இசைவாணி. பத்து நாளாக அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேர்.

“எங்க தெருவுலயே ரெண்டு இருக்கு.” கோடு. அமராவதி தாள்களை மடித்தாள். “எதுக்கு இவ்ளோ தேடணும்? நம்மகிட்டயே ஒண்ணு சும்மா கெடக்குதே. ஹேஷிகா.”

இசைவாணியின் கை தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

“அது அவ பேரு அண்ணி.”

மூத்தவள் ஹேஷிகா மூன்று மாதம் இருந்தாள். காய்ச்சல். கொள்ளிடக் கரையில் புதைத்து இரண்டு வருடம் ஆகிறது.

“மூணு மாசந்தான கூப்ட்டோம்? புதுசு மாரிதான் இருக்கு. நெட்டுல மூணு நாள் தேடி நான் புடிச்ச பேரு. சிதம்பரத்துல ஒருத்தரு வெக்கல. அதே நட்சத்திரம் வேற.”

“அண்ணி, உங்க கால்ல வுழுறேன். குப்பம்மான்னுகூட வைங்க. ஒண்ணு செத்த வீட்ல அப்டிதான வெப்பாங்க? அது மட்டும் வேணாம்.”

“குப்பம்மாவா! எல்கேஜி மிஸ் அட்டெண்டன்ஸ் எடுக்கவே கூச்சப்படும்டீ!”

மறுபடி சிரிப்பு. இசைவாணி கணவனைப் பார்த்தாள். பைக்கில் ஒட்டிய ஹேஷிகா ஸ்டிக்கரை இன்றுவரை கிழிக்காதவன் அவன். தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவான். தன்னைப் போலவே உள்ளுக்குள் அழுகிற ஆள் என்று அவள் நம்பிய ஒரே ஆள்.

“சொல்லுங்க மாமா.”

அன்பரசு செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

“அக்கா சொல்றதும் கரெக்ட்தான வாணி? வண்டில ஸ்டிக்கர் கூட அப்டியே இருக்கு. அடுத்தது பொறந்தா ஆவும்னுதான் வுட்டு வெச்சேன்.”

இசைவாணி தொட்டில் கயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.

அமராவதி குனிந்து குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னாள். பிறகு ஒவ்வொருவராக வந்து நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, சத்தமாக அதையே சொன்னார்கள். ஹேஷிகா. ஹேஷிகா. இரண்டு வருடம் அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர்.

“இப்ப நீ கூப்புடு” என்றாள் அமராவதி. “பெத்தவ கூப்ட்டாதான் முடியும்.”

இசைவாணி குனிந்தாள். முதல் தடவை உதடுதான் அசைந்தது. இரண்டாவது தடவை காற்று வந்தது. மூன்றாவது தடவை பேர் முழுசாக வெளியே வந்தது.

“ஐய, பட்டுப் பொடவ போச்சே! யாராச்சும் ஒரு துண்டு குடுங்க” என்றாள் அமராவதி.

இசைவாணியின் மார்பில் பால் ஊறி, பச்சைப் பட்டில் இரண்டு வட்டமாகப் பரவி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலில் இருந்தவள் நல்ல தூக்கத்தில் இருந்தாள்.