கொடுவா மீனின் செவுள்

மல்லிப்பட்டினத்தில் முப்பது வருடம் மீன் விற்றவள் நான். காசு கொடுத்து மீன் தின்ன ஓட்டலுக்குப் போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் கூடையாலேயே அடித்திருப்பேன். அன்று சாயங்காலம் காரைக்காலில், வெள்ளைத் துணி விரித்த மேசை முன்னால், என் வீட்டுக்காரர் தியாகுவோடு உட்கார்ந்திருந்தேன். பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடை. உள்ளே சமைப்பவன் எங்கள் மகன் நிதிஷ்.

கடலுக்கு வர மாட்டேன், சமையல்தான் படிப்பேன் என்றதற்கு இவர் அவன் கன்னத்தில் அறைந்தார். போனவன்தான். மூன்று வருடமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை, போனும் எடுப்பதில்லை.

மறுநாள் காலை புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இவரைச் சேர்க்க வேண்டும். தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிடுவார்களாம். இப்போதே நாலு வார்த்தை பேசினால் அடைத்துக்கொள்கிறது. பஸ் காரைக்காலில் நின்றதும் இறங்கிவிட்டார். குரல் இருக்கும்போதே மகனை ஒருமுறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் அவருக்கு. ஆனால் வியாதியைச் சொல்லி வரவழைக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அப்படி ஒரு வீம்பு.

பரிமாறிய சித்தீக் பாயிடம், "அவனோட அப்பா அம்மா வந்திருக்கோம்னு சொல்லுங்க" என்றேன். உள்ளே போய்விட்டு வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேலையா இருக்காராம்மா. சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னாரு."

கொடுவா மீன் வந்தது. வெண்ணெயும் எலுமிச்சையும் மணத்தன. பாழாய்ப்போனவன், என்னைவிட நன்றாகச் சமைத்திருந்தான். இவருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுச்சேரி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

எங்கள் மீன் சந்தையில் ஒரு பேச்சு உண்டு. அதை எவளாவது என் கூடையைப் பார்த்துச் சொன்னால் அன்றைக்குச் சந்தையே ரெண்டுபடும். அதை நானே சொன்னேன். கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"மீன் நாறிப்போச்சு!"

கதவு படாரென்று திறந்தது. கையில் கொடுவாயின் தலையோடு நிதிஷ் வந்து நின்றான்.

"நீயாம்மா இப்படிச் சொல்ற? காலையில ஏலத்துல நானே எடுத்த மீனு. பாரு, எப்படிச் சிவந்து கெடக்கு!" விரலால் செவுளைத் தூக்கிக் காட்டினான்.

இவர் குனிந்து செவுளைப் பார்த்தார். மீன் என்று வந்துவிட்டால் இந்த மனுஷனுக்கு வேறெதுவும் நினைவிருக்காது. கூப்பிட வந்த பேரை மறந்து, இருந்த குரலையெல்லாம் திரட்டிச் சொன்னார்.

"நல்ல மீன்டா."

"தெரியுதுல்ல? சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க." திரும்பி நடந்தான்.

சத்தியமாவது ஒன்றாவது. "டேய், அப்பாவோட குரல்வளைய எடுக்கப் போறாங்கடா! இனிமே அவருக்குப் பேச்சே வராது" என்று அலறினேன்.

நின்றான். மீன்தலையை எங்கள் மேசையில் அப்படியே போட்டுவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவ பேசுப்பா. ஏதாவது பேசு."

இவர் அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே வாயைத் திறந்தார். உதடு நிதிஷ் என்றுதான் அசைந்தது. காற்று மட்டும்தான் வந்தது.