மூன்று நிமிட மடையடைப்பு

இதயத்தின் வலப்பக்கம், ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும் அறை ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் மூன்று மெல்லிய இதழ்கள். அறை சுருங்கும்போது திறக்கும், விரியும்போது மூடிக்கொள்ளும். சின்னாத்தாளுக்குப் பிறவியிலேயே அந்த மூன்றும் ஓரங்களில் ஒட்டிப்போய், நடுவில் பென்சில் நுழையும் ஓட்டைதான் மிச்சம். அறை முக்கி முக்கித் தள்ளியது. இருபத்து மூன்று வயதில், நூல் கூடையோடு பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கியது. ஒட்டியதை அறுத்துப் பிரிக்காவிட்டால் அறை களைத்து ஓய்ந்துவிடும் என்று வேலூர் டாக்டர் சொல்லி, 1964 மாசி முதல் வாரத்தில் வரச் சொன்னார்.

அவள் புருஷன் கிட்டுசாமி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். எதையும் யாருக்காவது விளக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அம்மா மாரக்காளிடம் விளக்கினான்.

"நெஞ்சுங்கிறது ஒரு மோட்டாருங்கம்மா. வால்வு ஒட்டிக்கிச்சு. பிரிச்சு உட்டாச் செரியாப்போகும்."

"மோட்டார நிறுத்தாம வால்வுல கை வெப்பாங்களா?"

"நிறுத்திப்போட்டுத்தான்."

"நெஞ்ச நிறுத்தறதா? அதுக்குப் பேரு ஆப்ரேசன் இல்லடா, எழவு!"

பூ கேட்டுத்தான் முடிவு என்று மாரக்காள் சொல்லிவிட்டாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால், வேலூர் டாக்டரே வந்து கெஞ்சினாலும் சின்னாத்தாள் வாசலைத் தாண்ட முடியாது.

சின்னாத்தாள் யோசித்துப் பார்த்தாள். பிழைக்க நூற்றுக்குத் தொண்ணூறு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மன் கொடுப்பதோ ஐம்பதுதான். பொட்டலம் மடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. கிட்டுசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டான். மாரக்காள் கையை நீட்டி மற்றதையும் எடுத்துப் பிரித்தாள். அதுவும் வெள்ளை.

பூசாரி அவசரமாக விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டார்.

"ஏம்புள்ள, செவப்பு எங்க?"

"அம்மனுக்கு எதுக்குங்க அத்தை வீண் கொழப்பம்னு உட்டுட்டனுங்க."

"வாயப் பாரு. நெஞ்சு நின்னுபோச்சுன்னா என்னடி பண்ணுவே?"

சின்னாத்தாள் படியில் உட்கார்ந்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டாள்.

"நெஞ்ச நிறுத்த மாட்டாங்க. உங்க பையன் ஒளறிப்போட்டாரு. நான் டாக்டரையே கேட்டனுங்க. கொமரலிங்கத்துல நம்ம வயல் மடை ஒடைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"மேல வாய்க்கால அடைச்சுப்போட்டு, தண்ணி வடிஞ்சதும் எறங்கிச் செரி பண்ணுவேன்."

"அதேதானுங்க. நெஞ்சுக்கு வர்ற ரத்தத்த மூணு நிமிசம் அடைப்பாங்க. நெஞ்சு அதுபாட்டுக்கு வெறுமனே அடிச்சுக்கிட்டிருக்கும். அதுக்குள்ள அறுத்து உட்டுருவாங்க. அதுவரைக்கும் ரத்தமில்லாம மூளை தாங்கோணுமில்லீங்க? மயக்கத்துல ஐஸ் வெச்சு உடம்பக் குளிர வெப்பாங்களாம்."

"சளி புடிக்காதா?"

"புடிச்சா கசாயம் வெச்சுக் குடுங்க."

"மூணு நிமிசத்துல முடியலைன்னா?"

"அடைப்ப எடுத்து ரத்தம் ஓடவிட்டு, மறுக்கா அடைப்பாங்களாம்."

முப்பது வருஷம் தண்ணீர் பாய்ச்சியவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு பூவையும் அம்மன் தலையில் வைத்தாள்.

"அம்மனையே ஏமாத்தறவள கத்தி என்னத்தப் பண்ணும்? கெளம்பு."

வேலூரில் டாக்டர் வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. "ரெண்டேகால் நிமிஷம்தான் அடைச்சோம். வாசல் நல்லா திறந்துடுச்சு. பிழைச்சுட்டாங்க" என்றார்.

கிட்டுசாமி சுவரில் சாய்ந்து அழுதான். மாரக்காள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாத்துக்கடா. நீ மெசினுக்கு ஒரு பெல்ட்டு மாத்த ஒரு நாள் பூராவும் எடுத்துக்குவே."